மூன்றாம் இடத்து ஐந்து

ஜூலை. கார்தாலில் குளிர் உச்சம்.
பால் கூட்டுறவின் கணினி அறையில்
சூடாக இருப்பது சர்வர் ஒன்றுதான்.
அதன் தலையில் என் கையுறைகள் காயும்.

லீபர் அரோசேனா உள்ளே வந்தான்.
முப்பது வயது, நாற்பத்தோரு மாடு,
பூட்ஸ் வரைக்கும் சேறு.
மேசையில் இரண்டு தாள்களை விரித்தான்.
இரண்டிலும் எங்கள் முத்திரை.
இரண்டிலும் அதே நாள், அதே லாரி,
ஆயிரத்து இருநூற்றொரு லிட்டர்,
லிட்டருக்குப் பதினாறு பெசோ
முப்பத்து நாலரை சென்டெசிமோ.
ஒரு தாள் முப்பத்தைந்தில் முடிந்தது.
மற்றது முப்பத்து நாலில்.

"எது நிஜம்?"

ஒரு சென்டெசிமோ!
அந்தக் காசு அடிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம்.
கீழே கிடந்தால் குனிய ஆளில்லை,
கிடப்பதும் இல்லை.

விளக்கினேன். எனக்கு விளக்கப் பிடிக்கும்.
பெருக்கினால் வருவது
19630.345
புள்ளிக்குப் பின்னால் இரண்டே நாற்காலி,
மூன்றாவதாக வந்த ஐந்து நின்றுகொண்டிருக்கிறது.
தரவுத்தளம் அதைக் கைகொடுத்து மேலே ஏற்றிவிடும்,
பாதி வந்தால் முழுசு என்று அதற்குப் பழக்கம்.
கைபேசிச் செயலி வேறொருவர் எழுதியது.
பாதி வந்தால் அது இரட்டைப்படைப் பக்கம் சாயும்.
நாலு இரட்டை, ஆகவே நாலிலேயே நின்றுவிட்டது.
நீண்ட நாளில் ஒருவருக்கும் ஓரவஞ்சனை இல்லை.

"நீண்ட நாள் என்றால் எவ்வளவு?"
நாளுக்கு இரண்டு வேளை கறப்பவன் கேட்டான்.

இன்னும் சொன்னேன், கேட்காமலே.
விலை இருக்கும் பத்தி முன்பெல்லாம்
மிதக்கும் புள்ளி.
பத்தில் ஒன்றைக்கூட இருமத்தில் எழுதி முடிக்க முடியாது,
எழுத எழுத வந்துகொண்டே இருக்கும்,
எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும்.
நான் வந்துதான் தசமமாக மாற்றினேன்.
மொத்தம் பதினெட்டு இலக்கம்,
இம்மி பிசகக் கூடாதென்று
புள்ளிக்குப் பின் ஆறு.
ஆறு!

அவன் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தான்.
"உங்கள் ஒர்தோன்யெஸ் தொட்டிக்குள் விடுகிற
அளவுகோலைப் பார்த்திருக்கிறீர்களா?
மில்லிமீட்டருக்கு ஒரு கோடு.
ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே
ஏழு லிட்டர்.
அன்றைக்குப் பால் நடுவில் நின்றது.
நுரை அடங்கவில்லை. விடியவும் இல்லை.
கீழ்க்கோட்டையே எழுது என்று
நான்தான் சொன்னேன்."

ஏழு லிட்டர் என்றால் நூற்றுப் பதினாலு பெசோ.
நான் போட்டுவைத்த ஆறு நாற்காலிகளும்
அந்த நுரையின் மேல்தான் கிடந்தன.

"நூறு பெசோவை விட்டவனா
ஒரு சென்டெசிமோவுக்கு
இந்த உறைபனியில் வந்தாய்?"

"அது நான் விட்டது" என்றான்.
"இது நீங்கள் எடுத்தது."

எடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.
எடுத்த கை எதுவென்று தெரியவில்லை.
மாத்தே ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்தான். தாள்களை மடித்து,
இரண்டையும்,
சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

செயலியின் விதியை மாற்ற ஒரே வரி போதுமாக இருந்தது.
இனி இரண்டு தாளும் ஒரே பேச்சுப் பேசும்,
சரியோ தப்போ.

அப்புறமும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.
பதினோரு வருடம், நானூற்று இருபது பண்ணை.
வரிவரியாக முழுசாக்கிக் கூட்டியது ஒரு பக்கம்,
எல்லாம் கூட்டிக் கடைசியில்
ஒரே தடவை முழுசாக்கியது இன்னொரு பக்கம்.
இரவு பத்தரைக்கு விடை வந்தது.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
கொடுத்ததுதான் அதிகம்.
மூன்றாம் இடத்து ஐந்துகளை
ஏற்றி ஏற்றி விட்டதில்
எண்ணூற்று முப்பத்தெட்டு பெசோ
கூட்டுறவிடமிருந்து கசிந்திருக்கிறது.

அரோசேனா பண்ணை என்று மட்டும் தேடினேன்.
இரண்டு பெசோ ஆறு சென்டெசிமோ
அவனுக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது.

சொல்லத்தான் வேண்டும்.
சொன்னால் நாளைக்கே
திருப்பித் தர வந்து நிற்பான்.
இரண்டு பெசோவை வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஆறை
எதில் தருவான்?